பதில்: 'அட்மிதீர்' வந்தாலே அட்மிட்தானா?

வணக்கம். கொடைக்கானலில் ஹோம்ஸ்டே நடத்துகிறீர்கள். ஸ்பெயின்காரர் ஒருவரின் மெயிலில் 'அட்மிதீர்' என்ற ஸ்பானிஷ் வினை மூன்று இடத்தில் வருகிறது, எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'அட்மிட்' போட்டால் மேனேஜர் விழிக்கிறார் என்கிறீர்கள். விழிக்கத்தான் செய்வார். ஒன்றுக்குத்தான் அது பொருந்தும்.

'அட்மிதோ கே மி இங்க்லேஸ் எஸ் மாலோ' என்பதற்கு 'ஐ அட்மிட்' சரி. தன் ஆங்கிலம் மோசம் என்று மனுஷன் ஒத்துக்கொள்கிறார். 'அட்மிதென் பெர்ரோஸ்?' என்றால் நாயைக் கூட்டி வரலாமா என்று அர்த்தம். 'டூ யூ அலோ டாக்ஸ்?' என்று எழுதுங்கள். 'அட்மிதென் தர்ஹேதா?' என்பது கார்டு வாங்குவீர்களா என்ற கேள்வி, அங்கே 'அக்செப்ட்'. வினைக்குப் பின்னால் 'கே' (நம் 'என்று' மாதிரி) வந்து ஒரு முழு வாக்கியம் தொடர்ந்தால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வது. நாய், கார்டு, பாட்டில் என்று பொருளோ ஆளோ வந்தால் அனுமதிப்பது அல்லது ஏற்பது.

போர்டுகளில் வரும் 'நோ ஸே அட்மிதென்' என்பதற்கு 'நாட் அலவ்டு'. 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இங்கே தடை இருக்கிறதே, அதை ஸ்பானிஷில் எழுதி ஒட்ட இதே தொடர் போதும். ஆனால் நாம் சொல்லும் 'ஆஸ்பத்திரியில் அட்மிட்' ஸ்பெயினில் வேறு வினை, 'இங்க்ரெஸார்'.

அப்புறம், நாய்க்குச் சரி என்று சொல்வதாக இருந்தால், ராத்திரியில் காட்டெருமை ரோட்டில் உலாவும், நாயை அவிழ்த்துவிட வேண்டாம் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கொடைக்கானல் வர எடுக்க வேண்டிய இ-பாஸ் பற்றியும் எழுதுங்கள், அவருக்குத் தெரிந்திருக்காது.