நா வேறு, நி வேறு

கேள்வி: உங்கள் இதழின் 'எண்ணும் எழுத்தும்' புதிர்ப் பக்கம் ஆங்கிலத்திலிருந்து இரவல் வாங்கியது. முதலெழுத்தை மட்டும் கொடுத்து விடை கேட்பது தமிழுக்கு ஒட்டாது. போன இதழில் '118 = க த' என்று போட்டிருந்தீர்கள். இது மொழிப் புதிரா, பொது அறிவுத் தேர்வா? அந்த இடத்தில் இன்னொரு குறுக்கெழுத்துப் போடலாமே?

பதில்: 118 விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. 'கண்டறியப்பட்ட தனிமங்கள்' என்பது அதன் விடை. வேதியியல் படித்தவருக்கு ஒரு நொடி போதும். மற்றவர் எத்தனை நேரம் முட்டினாலும் வராது. இந்தப் பக்கத்துக்கு ஆகாத கேள்வி அது. தேர்ந்தெடுத்தது நான், தவறும் என்னுடையது.

ஆனால் அந்த ஒன்றை வைத்து மொத்தப் பக்கத்தையும் தூக்கச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல எண்ணெழுத்துப் புதிரின் விடை எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். '24 = ஒ நா-இன் ம நே'. ஒரு நாளின் மணி நேரங்கள் தெரியாதவர் யார்? '64 = ச ப-இல் க' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 64 என்றதும் நம் மனம் நேரே ஆய கலைகளுக்குப் போய்விடும். க-வும் கச்சிதமாகப் பொருந்தும். அப்புறம் ச-வையும் ப-வையும் கையில் வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியதுதான். கலையைக் கைவிட்ட பிறகுதான் சதுரங்கப் பலகையும் அதன் கட்டங்களும் கண்ணில் படும். பல நேரம் தாளை மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும்போது விடை தானாக வந்து நிற்கும். பிடித்த பிடியை விடத் தெரிகிறதா என்றுதான் இந்தப் புதிர் பார்க்கிறது. வினாடி வினாவில் அதற்கு இடமே கிடையாது.

இரவல் என்பது உண்மை. 1981-இல் அமெரிக்காவின் 'கேம்ஸ்' இதழில் வில் ஷார்ட்ஸ் என்ற புதிர் ஆசிரியர் இப்படி 24 கேள்விகள் கொண்ட பட்டியல் ஒன்றை வெளியிட்டார். யாரோ ஒருவர் அவர் பெயரை விட்டுவிட்டு அதைத் திரும்பத் தட்டச்சு செய்து நகலெடுக்க, அது கைக்குக் கை பரவியது. அந்தப் பட்டியலில் சூரியக் குடும்பத்துக் கோள்கள் 9. 2006-இல் புளூட்டோ குறுங்கோள் ஆனதும் அந்தக் கேள்வி செல்லாமல் போனது. சரி, நீங்கள் கேட்கும் குறுக்கெழுத்து மட்டும் எங்கே பிறந்தது? 1913-இல், நியூயார்க் நாளிதழ் ஒன்றில். அதை நம்முடையதாக்கிக்கொண்ட நமக்கு இது மட்டும் ஏன் அந்நியம்?

தமிழுக்கு ஒட்டாது என்கிறீர்களே, அதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து பெரும்பாலும் வெறும் மெய். நம் முதலெழுத்தோ உயிரையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. '7 = வா-இன் நா' வாரத்தின் நாட்கள்; '7 = வா-இன் நி' வானவில்லின் நிறங்கள். எண் அதே, வா அதே, உருபும் அதே. ந-வின் மேல் ஏறிய உயிர் மட்டும் மாறுகிறது, வாரம் வானவில் ஆகிவிடுகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டபோது, முதலாவதைக் கண்டுபிடித்தவர்கள் இரண்டாவதை அச்சுப்பிழை என்று நினைத்து எங்களுக்கு எழுதினார்கள். அந்தக் கடிதங்களைப் படித்தபோது எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

எங்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில் வந்தது. ஆங்கிலத்தில் 'ஆஃப்', 'ஆன்' போன்ற சிறு சொற்கள் தனியாக நிற்கும். அவற்றைச் சுருக்காமல் விட்டால், பிடித்து ஏற ஒரு கொம்பு கிடைக்கும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் வாலோடு ஒட்டியிருக்கிறது. தலையை மட்டும் நறுக்கி எடுத்தால் உருபும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் சிறுகோடு போட்டு -இன், -இல் என்று காட்டுகிறோம். கடினமாக இருக்கட்டும் என்று உருபை விட்டுவிட்டு அனுப்புகிறவர்கள் உண்டு. அவற்றைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஏற வழியே இல்லாத புதிரை வாசகர் முன் வைக்க எனக்கு மனம் வராது.

அடுத்த இதழில் இவை இரண்டும் அடுத்தடுத்து வரப்போகின்றன. உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே தருகிறேன்: '12 = உ எ'. '216 = உ எ'. எழுத்தில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை. விடுவித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.