கிட்டாரும் குரலும் பதிவு செய்ய எந்தப் பெட்டி? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பேன், பாடவும் செய்வேன். லேப்டாப்பில் பதிவு செய்ய ஆசை. டைனமிக் மைக் ஒன்றும் ஹெட்போனும் இருக்கின்றன. கையில் 12,000 ரூபாய்தான் இருக்கிறது. கிட்டார் எஃபெக்ட்ஸ் பிராசஸர் ஒன்றை வாங்கி, கிட்டாரையும் மைக்கையும் அதிலேயே மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாமா? எது வாங்கலாம்? (திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். கிட்டார் ஒலிக்கு எஃபெக்டுகள் சேர்க்கும் அந்தப் பெட்டி கிட்டாருக்குச் சரிப்படும், குரலுக்கு ஆகாது. கிட்டாரின் பிக்கப்பிலிருந்து வரும் மின்னழுத்தம் நூறு மில்லிவோல்ட்டையும் தாண்டும். டைனமிக் மைக் தருவதோ ஒன்றிரண்டு மில்லிவோல்ட். ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர் (மைக்கின் மூன்று பின் இணைப்பு), மறுபக்கம் கிட்டார் பின் வைத்த கேபிள் கடையில் கிடைக்கும். செருகினால் சத்தமும் வரும். ஆனால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அதை மேலே ஏற்ற ஏற்ற ‘உஸ்’ இரைச்சலும் சேர்ந்து ஏறும். கண்டென்சர் மைக் என்றால் அதுவும் வராது. அதற்கு வேண்டிய 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) பெரும்பாலான கிட்டார் பிராசஸர்களில் கிடையாது.

உங்கள் பணத்துக்கு முதலில் வாங்க வேண்டியது ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி. கடைக்காரரிடம் ‘சவுண்ட் கார்டு’ என்று கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். அதில் இரண்டு விஷயம் பாருங்கள்: 48 வோல்ட் வசதியோடு எக்ஸ்எல்ஆர் மைக் இன்புட் ஒன்று, ‘இன்ஸ்ட்ருமென்ட்’ அல்லது ‘ஹை-இசட்’ என்று குறித்த கிட்டார் இன்புட் ஒன்று. கிட்டார் இன்புட்டின் தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்க வேண்டும். மைக் இன்புட்டில் அது சில ஆயிரம் ஓம்தான். அதனால்தான் கிட்டாரை மைக் துளையில் செருகினால் மேல் ஸ்தாயி மழுங்கி, கம்பிக்குத் துணி சுற்றியதுபோல் கேட்கிறது.

பெஹ்ரிங்கர் யுஎம்சி22, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ இரண்டிலும் இந்த அமைப்பு உண்டு. யுஎம்சி22 விலை குறைந்தது. விண்டோஸில் அதற்குச் சொந்த ஏஎஸ்ஐஓ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு நிரல்) கிடையாது, ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் கொஞ்சம் கூடக் கொடுத்து யுஎம்சி202எச்டி வாங்குங்கள். அதற்குத் தனி டிரைவர் இருக்கிறது.

எஃபெக்ட்ஸ் எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். கிட்டார் ஆம்ப்புக்கு நியூரல் ஆம்ப் மாடலர், கிட்டார் ரிக் பிளேயர் இரண்டும் இலவசம். பெரிய வெளி போன்ற ரிவெர்ப்புக்கும் (அறையின் எதிரொலிபோல் நீளும் ஒலி) டிலேக்கும் (சற்றுத் தள்ளித் திரும்ப வரும் ஒலி) வால்ஹல்லா சூப்பர்மாசிவ், அதுவும் இலவசம். பதிவு மென்பொருளுக்கு ரீப்பரை 60 நாள் காசு கட்டாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

வாசிக்கும்போது ஒலி தாமதமாகத் திரும்பினால் பஃபர் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித்துண்டு) அளவைக் குறையுங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் வைத்தால் ஒரு வழிக்கு 5 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல். 1024 வைத்தால் 21 ஆகிவிடும், பாடுகிறவர் தாளத்தை விட்டுவிடுவார். லேப்டாப் பழசாக இருந்து 128-இல் ‘படபட’ என்று வெடித்தால், பாடும் நேரத்துக்கு மட்டும் இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டர் பட்டனைப் போட்டுக்கொள்ளுங்கள். குரல் கணினிக்குள் போகாமலே நேரே காதுக்கு வரும்.

மேடையில் வாசிக்கும் எண்ணமும் இருந்தால்தான் பிராசஸர் பெடல் நியாயம். அப்போதும் யுஎஸ்பி துளை இருக்கிறதே என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பாஸ் ஜிடி-1-இன் யுஎஸ்பி வழியாக ஒலியே கணினிக்குப் போகும். ஜூம் ஜி1 ஃபோரின் யுஎஸ்பியோ எஃபெக்டுகளைத் திருத்தவும் பெடலுக்கு மின்சாரம் கொடுக்கவும்தான், அதில் பதிவு செய்ய முடியாது. வாங்குமுன் ‘யுஎஸ்பி ஆடியோ’ என்ற சொல் விவரக்குறிப்பில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கேள்வி: ஆம்ப்பில் அருமையாக இருக்கும் டிஸ்டார்ஷன், பிராசஸரிலிருந்து நேரே பதிவு செய்தால் டப்பாவுக்குள் வண்டு சிக்கிக்கொண்டதுபோல் கேட்கிறது. பெடல் கெட்டுவிட்டதா? (கோயம்புத்தூர்)

பதில்: கெடவில்லை, கேபினெட் சிமுலேஷன் (ஆம்ப்பின் ஸ்பீக்கர் பெட்டியைப்போல ஒலியை மாற்றும் பகுதி) அணைந்திருக்கிறது. கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக இறங்கிவிடும், அந்தக் கீச்சொலிகளை அதுவே வடிகட்டிவிடுகிறது. ஹெட்போனும் லேப்டாப்பும் அப்படி வடிகட்டாது. பிராசஸரில் ‘கேப்’ அல்லது ‘ஐஆர்’ என்ற பகுதியை ஆம்ப்புக்கு அடுத்ததாகப் போடுங்கள். ‘அவுட்புட்’ அமைப்பில் ஆம்ப் என்று இருந்தால் லைன் அல்லது ஹெட்போன் என்று மாற்றுங்கள். மறுபடி ஆம்ப்பில் செருகும்போது ‘கேப்’ பகுதியை அணைக்க மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒலி போர்வைக்குள் போய்விடும். டிஸ்டார்ஷன் அளவையும் ஆம்ப்பில் வைப்பதில் பாதிக்குக் குறையுங்கள்.

கேள்வி: கிட்டார் கம்பியில் கை வைத்துக்கொண்டு பாடும்போது உதட்டில் மைக் பட்டால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. பதிவிலும் ‘ஹம்’ கேட்கிறது. (மதுரை)

பதில்: இதைச் சிறிதாக எண்ணாதீர்கள். முதலில் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஷாக்கும் ஹம்மும் நின்றால் காரணம் சார்ஜர்தான். இரண்டு பின் சார்ஜருக்கு எர்த் இல்லை. அதன் உள்ளே இரைச்சலை அடக்க வைத்திருக்கும் கெபாசிட்டர் வழியாக மெயின்ஸ் மின்சாரம் மிகச் சிறிதளவு கசிந்து, யுஎஸ்பி கேபிள் வழியே கிட்டார் கம்பிவரை வருகிறது. மூன்று பின் சார்ஜர் போட்டு, எர்த் உண்மையாகவே இணைந்திருக்கும் பிளக் பாயிண்டில் செருகுங்கள். கிட்டார் ஆம்ப், லேப்டாப், பிராசஸர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் வையுங்கள். வேறு வேறு பாயிண்டில் வைத்தால் எர்த்துகளுக்கு இடையே சுழற்சி உண்டாகி 50 ஹெர்ட்ஸ் ஹம் வரும். ஹம் போகிறதே என்று எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

பேட்டரியில் ஓடும்போதும் ஷாக் அடித்தால் வாசிப்பதை நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஷாக் இல்லாமல் இரைச்சல் மட்டும் இருந்து, கம்பியைத் தொட்டவுடன் குறைகிறது என்றால் பயமில்லை. பழைய மாதிரி ஃபேன் ரெகுலேட்டரையும் டிம்மர் விளக்கையும் அணைத்துப் பாருங்கள்.

கேள்வி: குரலை ரிவெர்ப்போடு பதிவு செய்வதா, இல்லாமலா? ரிவெர்ப் இல்லாமல் பாடினால் எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. (யாழ்ப்பாணம்)

பதில்: காதுக்கு ரிவெர்ப் வரட்டும், பதிவில் வேண்டாம். பதிந்துவிட்ட ரிவெர்ப்பைப் பிறகு பிரித்து எடுப்பது பெரும்பாடு. குரல் டிராக்கை வெறுமையாக விட்டு, பக்கத்தில் தனி டிராக் ஒன்றில் ரிவெர்ப்பை வைத்து, ‘சென்ட்’ (ஒரு டிராக்கின் ஒலியை நகலாக இன்னொன்றுக்கு அனுப்பும் வசதி) வழியாகக் குரலை அதற்கு அனுப்புங்கள். இப்படிக் கேட்க, டைரக்ட் மானிட்டரை அணைத்துவிட்டு மென்பொருள் வழியாகக் கேட்க வேண்டும்.

பாடுமுன் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். சுவர் மூலையில் நிற்காமல், முதுகுக்குப் பின்னால் மெத்தை அல்லது கனத்த போர்வையைத் தொங்கவிடுங்கள். மைக் பார்க்கும் திசை அதுதான், அறையின் எதிரொலி அங்கிருந்துதான் அதிகம் திரும்புகிறது. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி போதும். கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) வைக்கும்போது ‘ஹலோ, செக்’ என்று பேசிப் பார்க்காதீர்கள். பாட்டிலேயே உரத்த வரி எதுவோ அதை முழுக் குரலில் பாடி, மீட்டர் உச்சத்திலும் -6 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தாலும் அந்த இடம் கிழிந்ததுதான், பிறகு எந்த எஃபெக்டும் அதைத் தைக்காது.

பதிந்தபின் வரிசை இப்படி: 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டு. பிறகு கம்ப்ரெஸர் (உரத்த இடங்களை அடக்கும் எஃபெக்ட்) 3:1, அதன் மீட்டர் ஊசி நான்கைந்து டெசிபல் இறங்கினால் போதும். ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் குத்தினால் 5,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை அந்த ஒலியை மட்டும் அடக்கும் டி-எஸ்ஸர். ரிவெர்ப் டிராக்கில் பிரீ-டிலே 20 முதல் 40 மில்லிசெகண்ட் வையுங்கள். சொல் முதலில் தெளிவாக வந்து, ரிவெர்ப் பின்னால் தொடரும். பூஜ்யத்தில் வைத்தால் சொல்லே கரைந்துவிடுகிறது, பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். டிலேக்கு 60,000-ஐப் பாட்டின் வேகத்தால் வகுங்கள். 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 அடி) என்றால் ஒரு அடிக்கு 750 மில்லிசெகண்ட், அரை அடிக்கு 375.

கேள்வி: பழைய பிராசஸர் ஒன்று மலிவாக வருகிறது, அடாப்டர் இல்லை. வைஃபை ரவுட்டரின் 9 வோல்ட் அடாப்டரைப் போடலாமா? (சென்னை)

பதில்: அடையாளம் பார்க்காமல் போடாதீர்கள். கிட்டார் பெடல்களில் பெரும்பாலும் நடுப் பின் மைனஸ், ரவுட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுப் பின் பிளஸ். மாற்றிச் செருகினால் போர்டே போய்விடலாம். இரண்டிலும் அச்சிட்டிருக்கும் வட்டக் குறியை ஒப்பிட்டுப் பாருங்கள். மில்லிஆம்ப் அளவும் பெடல் கேட்பதற்குக் குறையக் கூடாது, கூடினால் பரவாயில்லை. ஜூம் ஜி1 ஃபோர் போன்றவை 500 கேட்கும்.

வாங்குமுன் பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சை போன்ற கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு ஃபுட்சுவிட்சையும் இருபது முறையாவது மிதியுங்கள். ஒரு மிதிக்கு இரண்டு பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) தாண்டினால் சுவிட்ச் தேய்ந்துவிட்டது, அதற்கேற்ப விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஜாக்கில் கேபிளைச் செருகி லேசாக ஆட்டும்போது ஒலி விட்டுவிட்டு வந்தால் சால்டர் விட்டிருக்கிறது. இது சிறிய வேலை, பயப்பட வேண்டாம். திரையில் பாதி எழுத்து காணவில்லை என்றால் மட்டும் வாங்காமல் விட்டுவிடுங்கள்.