பார்வை மிகக் குறைவாக உள்ள 3 வயதுக் குழந்தைக்கு வீட்டில் என்ன விளையாட்டு கொடுக்கலாம்?

மகளுக்கு 3 வயது, வெளிச்சமும் நிழலும்தான் தெரிகிறது, வாங்கிய பொம்மை எதையும் தொடுவதில்லை, தொட்டும் கேட்டும் முகர்ந்தும் விளையாட என்ன தரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் நான்.

முதலில் அந்தப் பாட்டுப் பாடும் பிளாஸ்டிக் சமாச்சாரங்களைப் பரண்மேல் போடுங்கள். பிளாஸ்டிக் ஆப்பிள் அவள் கைக்கு வழவழவென்று ஓர் உருண்டை, அவ்வளவுதான். நிஜப் பொருள் வேண்டும், அதற்குச் சமையலறையை மிஞ்சிய இடமில்லை. முருங்கைக்கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார வைத்து ஒரு ஈர்க்கைக் கொடுங்கள். நுனியைப் பிடித்து உருவினால் இலையெல்லாம் விரலிடுக்கில் சேர்ந்து பச்சை வாசம் எழும், கையில் வெறும் குச்சி மிஞ்சும். அப்புறம் பூண்டு, சப்பாத்தி மாவு, ஊறவைத்த கொண்டைக்கடலை என்று ஒவ்வொன்றாக. டிவியை அணைத்துவிடுங்கள், அது ஓடினால் மற்ற சின்னச் சத்தமெல்லாம் அமுங்கிப்போகும்.

தொட மறுத்தால் அவள் கையைப் பிடித்து மாவுக்குள் அழுத்தவே கூடாது. நல்லெண்ணத்தில் எல்லாப் பாட்டிகளும் செய்வது இது, அதன்பின் யார் கையை நீட்டினாலும் குழந்தை இழுத்துக்கொள்ளும். உங்கள் கை கீழே, அவள் கை அதன்மேல். மாவைப் பிசைவது நீங்கள். பயம் தெளிந்ததும் அவள் விரல் தானாக வழுக்கி இறங்கும், எத்தனை நாளானாலும் சரி.

பார்வையற்ற குழந்தைகளோடு வேலை செய்த டென்மார்க்கின் லில்லி நீல்சன் 'சின்ன அறை' என்று ஒன்றை உருவாக்கினார். குழந்தையைச் சுற்றி ஒரு பெட்டி, அதில் தொட்டுப் பார்க்கச் சாமான்கள் தொங்கும். கைநழுவிய பொருள் எங்கே போனது என்று பார்வை குறைந்த பிள்ளைகளுக்குத் தெரியாது, தேடவும் மாட்டார்கள். தொங்குவதோ அடுத்த முறையும் அதே இடத்தில் கிடைக்கும். ஒரு ஸ்டூலின் அடியில் குட்டையான எலாஸ்டிக்கில் ஸ்பூன், சாவிக்கொத்து, தேங்காய் நார் கட்டினாலே போதும். கழுத்தில் சுற்றாத நீளமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், தனியாக விடாதீர்கள்.

மிச்சமிருக்கும் பார்வையையும் விட்டுவிடாதீர்கள்: கறுப்புத் துணிமேல் மஞ்சள் கிண்ணம், வெளிச்சம் அவள் முதுகுப்பக்கமிருந்து.

பல்லாங்குழி அருமையான விளையாட்டு, பின்னால் பிரெயில் என்ற புள்ளி எழுத்தைத் தொட்டுப் படிக்கப்போகும் விரலுக்கு நல்ல வேலை. ஆனால் புளியங்கொட்டையை வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் பழக்கம் போகட்டும், அதுவரை பெரிய பொருளாகவே இருக்கட்டும்.