பாராட்டினால் திறமைசாலி, குறை சொன்னால் 'பொம்பளை'

அன்புள்ள ஆலோசகருக்கு,

என் கணவர் நல்லவர். வீட்டு வேலையில் பாதியைச் செய்பவர். அவருக்கு மேலாளராக ஒரு பெண் வந்தபோது "என்ன கூர்மை தெரியுமா!" என்று வியந்தவரும் அவர்தான். சென்ற மாதம் அந்த மேலாளர் இவருடைய அறிக்கையில் இருந்த பிழைகளைக் கூட்டத்தில் எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து "பொம்பளைங்களுக்கு நிர்வாகம் வராது" என்றே பேச்சு. எங்கள் 13 வயது மகள் பக்கத்தில் இருக்கும்போதும் இதேதான். நான் முறைத்தால், "உன்னைச் சொல்லலையே" என்கிறார். இத்தனை நாள் மனசுக்குள் இருந்ததுதான் வெளியே வருகிறதா? சாதித்த பெண்களைப் பட்டியல் போட்டு வாதாடியும் பலனில்லை.

— பெயர் வேண்டாம்

அன்புள்ள வாசகிக்கு,

உள்ளே இருந்ததுதான். ஆனால் அது அவருக்குள் மட்டும் இல்லை. ஊர் குத்தும் முத்திரைகள் எல்லோர் காதிலும் விழுகின்றன. அதை எப்போது கையில் எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம். சின்க்ளேர், குண்டா என்ற உளவியலாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், நல்ல மதிப்பெண் பெற்ற மாணவர்கள் ஆசிரியர், ஆசிரியை இருவரையும் ஏறக்குறைய ஒன்றாகவே மதித்தார்கள். குறைந்த மதிப்பெண் பெற்றவர்களோ, ஆசிரியையைத்தான் அதிகம் மட்டம் தட்டினார்கள். சொன்னவருக்கே ஒன்றும் தெரியாது என்றாகிவிட்டால், சொன்ன குறையும் செல்லாதே!

ஃபெயின், ஸ்பென்சர் 1997இல் கண்டது இன்னும் சங்கடமானது. அறிவுத் தேர்வில் சோடை போனதாகச் சொல்லப்பட்டவர்கள், யூதர் என்று தெரிந்த ஒரு பெண்ணைக் கூடுதலாகக் குறைத்து மதிப்பிட்டார்கள். அப்படிச் செய்ததில் அவர்களுடைய சுயமதிப்பும் ஏறியது. உங்கள் கணவருக்கு அந்த வாக்கியம் ஒரு வலி மாத்திரை.

உங்கள் பட்டியல் ஏன் எடுபடவில்லை? "உன்னைச் சொல்லலையே" என்பதிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் விதிவிலக்கு, பட்டியலில் வரும் ஒவ்வொருவரும் விதிவிலக்கு. விதிக்கு ஒரு கீறலும் விழாது.

அதே 1997 ஆய்வில், தாங்கள் உயர்வாக மதிக்கும் ஒன்றைப் பற்றி முதலில் எழுதியவர்களிடம் இந்தப் பாரபட்சம் குறைந்தது. ஆகவே கோபம் தணிந்த நேரத்தில், அவர் வேலையில் நன்றாகச் செய்வதைப் பற்றிப் பேசுங்கள். கூட்டத்தில் பட்ட அவமானத்தைச் சொல்லவிடுங்கள். பிறகு, "இதையே ஓர் ஆண் சொல்லியிருந்தா அவரை என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேளுங்கள். உடனே பதில் வராது, விட்டுவிடுங்கள்.

இந்த நிதானமெல்லாம் அவருக்குத்தான். மகள் விஷயத்தில் காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை அவர் அப்படிப் பேசினால், அவள் காதுபட, குரலை உயர்த்தாமல், "அது அப்பாவோட கோபம், உண்மையில்லை" என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.