காமா நைஃப் சிகிச்சைக்குப் பின்வரும் ஆண்டுகள்

கேள்வி: என் தாயாருக்குச் செவிநரம்புக் கட்டிக்காகக் காமா நைஃப் எனும், கத்தியின்றிக் கதிர்களைக் கட்டியில் குவிக்கும் கதிர்வீச்சு அறுவை சிகிச்சை செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. இப்போது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி சற்றுப் பெரிதாகத் தெரிகிறது. சிகிச்சை தோற்றுவிட்டதா?

பதில்: இந்த ஒரு படத்தை வைத்து அப்படி முடிவுகட்ட வேண்டாம். கதிர்பட்ட கட்டி 6 முதல் 18 மாதங்களுக்குள் தற்காலிகமாக வீங்குவது பலருக்கும் நேர்வதுதான்; பெரும்பாலோருக்கு அது பின்னர் தானாகவே வடிந்துவிடும். இந்த வீக்கத்தைக் கண்டு அவசரப்பட்டு மண்டையைத் திறந்தால், பொறுத்திருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய, செவிநரம்பை ஒட்டிச் செல்லும் முகநரம்புக்குத் தேவையற்ற ஆபத்து நேரலாம். ஆனால் நடை தள்ளாடினாலோ, தலைவலியும் வாந்தியும் கூடினாலோ, மூளைநீர் தேங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

கேள்வி: கட்டி முழுவதும் கரைந்துவிடுமா?

பதில்: பொதுவாகக் கரையாது. வளர்ச்சியை நிறுத்துவதே இச்சிகிச்சையின் நோக்கம். கட்டியின் விளிம்பில் 12 முதல் 13 கிரே (கதிர்வீச்சின் அளவைக் குறிக்கும் அலகு) வரை கதிர்வீச்சு பெற்ற செவிநரம்புக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பத்து ஆண்டுகள் கழித்தும் வளராமல் இருப்பதைப் பெரிய மருத்துவ மையங்களின் அனுபவம் காட்டுகிறது; மூளையின் உறையில் தோன்றும், புற்றுநோயல்லாத முதல் தர மெனிஞ்சியோமா கட்டியிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே.

கேள்வி: கேட்கும் திறன் நிலைக்குமா?

பதில்: நோயாளியிடம் மருத்துவர் முன்கூட்டியே மனம்விட்டுப் பேசவேண்டிய செய்தி இது. தொடக்கத்தில் நன்றாக இருக்கும் கேட்கும் திறன் ஆண்டுகள் செல்லச்செல்லக் குறைகிறது. பத்தாண்டுகளுக்குப் பின் பயன்படும் அளவுக்குக் கேட்பவர்கள் சிறுபான்மையினரே. கட்டியைத் தொடாமல் வெறுமனே கண்காணித்து வந்தாலும் கேட்கும் திறன் குறையவே செய்யும் என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி: மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வந்த கட்டிக்கு இச்சிகிச்சை பெற்றேன். ஹார்மோன் பரிசோதனை எத்தனை ஆண்டுகளுக்குத் தேவை?

பதில்: வாழ்நாள் முழுவதும், ஆண்டுக்கு ஒருமுறையாவது. சுரப்பியின் ஹார்மோன் குறைபாடு பல ஆண்டுகள் தாமதித்தும் வரலாம். உடல் நெருக்கடியைத் தாங்க உதவும் கார்டிசால் என்னும் ஹார்மோன் குறைந்திருப்பது தெரியாமல் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: இந்தக் கதிர்வீச்சே பிற்காலத்தில் புற்றுநோயை உண்டாக்குமா?

பதில்: மிக அரிது. ஏறத்தாழ ஐயாயிரம் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், இவர்களுக்கு மூளைப் புற்றுநோய் வரும் வீதம் பொதுமக்களிடம் காணப்படும் வீதத்தை ஒத்தே இருந்தது. நரம்புகளில் கட்டிகளை உண்டாக்கும் நியூரோஃபைப்ரோமேட்டோசிஸ் இரண்டாம் வகை போன்ற மரபுக்கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவர்கள் சிகிச்சைக்கு முன்பே தம் மருத்துவருடன் இதைத் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும்.