நாவலில் நான்கு பக்கம் போதும்

கேள்வி: இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஒன்றியத்தில் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஏழாம், எட்டாம் வகுப்புகளில் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்துப் பிள்ளைகள். நாவல்களைக் கொண்டு வரலாறும் பொருளியலும் நடத்த விரும்புகிறேன். பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை என்றும், கதை சொல்லிப் பொழுதைக் கழிப்பதாகப் பெற்றோர் குறை சொல்வார்கள் என்றும் தலைமையாசிரியர் தயங்குகிறார். எந்த நாவலை, எவ்வளவு, எப்படிப் பயன்படுத்துவது? தேர்வில் எப்படி மதிப்பிடுவது?

பதில்: உங்கள் தலைமையாசிரியரின் தயக்கத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில், பிற்காலச் சோழர் பாடத்துக்காகக் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை வாரக்கணக்கில் வகுப்பில் வாசித்தவன் நான். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் எழுந்து போகாததைக் கண்டு பூரித்துப்போனேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோதுதான் என் தவறு தெரிந்தது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொல்லச் சூழ்ச்சி செய்தவள் நந்தினி என்று வகுப்பில் பாதிப்பேர் எழுதியிருந்தார்கள். நந்தினி கல்கியின் கற்பனை. அதை நான் ஒருமுறைகூட வகுப்பில் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட வழக்கம் ஒன்றுதான். நாவலிலிருந்து நான்கைந்து பக்கங்களுக்கு மேல் எடுப்பதில்லை. அந்தப் பக்கங்களுக்குப் பக்கத்தில் ஒரு சான்றை வைக்காமல் பாடத்தைத் தொடங்குவதும் இல்லை. சான்று கல்வெட்டாக இருக்கலாம், நிலப்படமாக இருக்கலாம், பழைய செய்தித்தாளாக இருக்கலாம், ஊர்ப் பெரியவர் ஒருவரின் வாய்ச்சொல்லாகவும் இருக்கலாம். நான்கு பக்கங்களை நிதானமாக உரக்க வாசிக்கப் பத்து நிமிடங்கள் போதும். மீதிப் பாடவேளை முழுவதும் பிள்ளைகள் அந்தப் பக்கங்களைத் துருவிக் கேள்வி கேட்பதற்கே. ஒரு பருவத்தில் இப்படி மூன்று அல்லது நான்கு வேளைகள் செலவிட்டால் எந்தப் பாடமும் பின்தங்காது.

ஏழாம் வகுப்புச் சோழர் பாடத்துக்கு அதே நாவலிலிருந்து, கொலைச் சதிகாரர்களில் ஒருவனான ரவிதாசனும் நந்தினியும் சேர்ந்து வரும் ஒரு காட்சியை எடுங்கள். காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று ரவிதாசனையும் அவன் உடன்பிறந்தாரையும் அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களைச் சேர்ந்தோரின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டதைக் கூறுகிறது. அதன் சாரத்தை எளிய தமிழில் கரும்பலகையில் எழுதிவிட்டு, நாவலில் வருபவர்களில் கல்வெட்டில் இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று கேளுங்கள். ஒரே காட்சியில் பேசிக்கொள்ளும் இருவரில் ஒருவன் கல்லிலிருந்து வந்தவன், மற்றவள் எழுத்தாளரின் பேனாவிலிருந்து வந்தவள் என்று பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டால், பிறகு எந்த விடைத்தாளிலும் நந்தினி வரமாட்டாள்.

உங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாவலில் இன்னொரு வாசலும் இருக்கிறது. கோடிக்கரையிலிருந்து படகோட்டிப் பெண் பூங்குழலி கதைநாயகன் வந்தியத்தேவனைப் படகில் ஏற்றி ஈழத்துப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும் பகுதியைச் சொல்கிறேன். அதை வாசித்து முடித்ததும் பாம்பன் பக்கத்துப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். “சார், கதை ஆடிப் பதினெட்டுலதான ஆரம்பிச்சுச்சு? அப்ப சோழகம் அடிக்கும்ல? ஒரு பொம்பளப்புள்ள துடுப்புப் போட்டு எப்படிப் போச்சு?” நான் தஞ்சைப் பக்கத்துக்காரன், எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. சோழகம் என்ற அந்தத் தென்காற்று பக்கவாட்டில்தான் அடிக்கும், பாய் விரித்தால் போய்விடலாம் என்று ஒருத்தி சொல்ல, நீரோட்டம் இழுக்கும் என்று வேறொருவன் மறுக்க, கடைசியில் நிலப்படப் புத்தகத்தை விரித்து அளவுகோலை வைத்துத் தூரம் கணக்கிட்டார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடைப்பட்ட சுமார் 30 கிலோமீட்டரோடு அதை ஒப்பிட்டும் பார்த்தார்கள். பருவக்காற்று, அளவை, திசை மூன்றையும் நான் தனியாக நடத்த வேண்டிய தேவை அன்று ஏற்படவில்லை.

பொருளியலில் உற்பத்திக் காரணிகளைப் பற்றிய பாடத்துக்கு ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ மிகவும் பொருந்தும். அது தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் கதை. ஆனால் பாத்தியும் வெயிலும் உங்கள் மாவட்டத்து வாலிநோக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவையே. அளத்தில் வேலை நடக்கும் பக்கம் ஒன்றை வாசித்துவிட்டு, நிலம், உழைப்பு, மூலதனம், தொழிலமைப்பு ஆகியவை அந்தப் பக்கத்தில் யார் யாரிடம் இருக்கின்றன என்று அடையாளம் காணச் சொல்லுங்கள். “முதலாளி வெயில்ல நிக்கவே இல்லையே, அவரு எதுல வருவாரு?” என்று ஒரு மாணவி கேட்ட கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லாமல் வகுப்பிடமே விட்டுவிட்டேன். வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனம் நடத்தும் அரசு உப்பளம் இருப்பதால், முதலாளியின் இடத்தில் அரசு இருந்தால் என்ன மாறும், என்ன மாறாது என்ற அடுத்த கேள்விக்கும் அங்கிருந்தே போகலாம். அளத்தில் வேலை செய்யும் தாயோ பாட்டியோ இருக்கும் பிள்ளையிடம், நாவல் எங்கே தவறுகிறது என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அங்கே ஒரு சொல் என்றால் இங்கே வேறொரு சொல் இருக்கும். அந்த வேறுபாட்டைக் கொண்டு வருவதில் பிள்ளைகளுக்கு ஒரு பெருமிதம்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இந்த நாவலில் பெண் தொழிலாளர்களுக்கு நேரும் கொடுமைகளும் வருகின்றன. புத்தகத்தை முழுமையாகப் படித்து, பன்னிரண்டு வயதுக்கு ஏற்ற பக்கத்தை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ கடற்கரை வாழ்வை உள்ளிருந்து காட்டும் நாவல்தான். அதை ஆசிரியர் படிக்கட்டும். நடுநிலை வகுப்புக்கு அது வேண்டாம். கடலில் உயிரிழப்பு, எல்லை தாண்டிய கைது ஆகியவை வரும் பக்கத்தை எடுப்பதற்கு முன், அந்த வாரம் உங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் வீட்டில் என்ன நிலைமை என்று விசாரித்துக்கொள்ளுங்கள். தகப்பன் யாழ்ப்பாணச் சிறையில் இருக்கும்போது மகனுக்கு அது பாடமாக இருக்காது.

நகல் எடுப்பது குறித்தும் ஒரு வார்த்தை. கல்கியின் எழுத்துகளும் ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. ஆகவே நாற்பது பிள்ளைகளுக்கும் படியெடுத்துக் கொடுக்கத் தடையில்லை. மற்ற நாவல்களை நூலகப் பிரதியிலிருந்து நீங்கள் வாசியுங்கள், அவர்கள் கேட்கட்டும்.

பெற்றோரின் குறையைப் போக்க எளிய வழி, அவர்களையே சான்றாக்குவது. எட்டாம் வகுப்பில் பேரிடர் பாடம் வரும்போது, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரை, படகுகள் கடலுக்குப் போகாத நாளாகப் பார்த்து வகுப்புக்கு அழையுங்கள். அன்று கடல் கொண்டுபோன ரயிலில் இருந்தோர் எத்தனை பேர் என்பதில் செய்திகளே ஒன்றுக்கொன்று மாறுபடும். பெரியவர் சொல்லும் எண்ணும் வேறாக இருக்கலாம். அந்த மாறுபாட்டை மூடி மறைக்காமல் அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் தம் பேச்சைக் குறிப்பெடுப்பதைப் பார்த்துவிட்டுப் போன தாத்தாக்கள், வகுப்பில் கதை சொல்கிறார்கள் என்று பிறகு குறை சொல்லி நான் கேட்டதில்லை.

தேர்வுக்குக் கதைச் சுருக்கம் ஒருபோதும் கேட்காதீர்கள். நாவலை வாசித்ததற்கு மதிப்பெண்ணும் கொடுக்காதீர்கள். குறிப்பேட்டில் ‘நாவல் சொல்வது’, ‘சான்று சொல்வது’, ‘எங்கள் ஊரில் கண்டது’ என்று மூன்று கட்டங்கள் பிரித்து, ஒவ்வொரு வேளையின் முடிவிலும் ஆளுக்கு மூன்று வரிகள் எழுதச் சொல்லுங்கள். பருவம் நெடுக நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு அந்தக் குறிப்பேடே போதும். எழுத்துத் தேர்வில் ஒரு வினா வேண்டுமானால் இப்படி வைக்கலாம்: வாசிக்காத புதிய பத்தி ஒன்றைக் கொடுத்து, “இதில் சான்று தேடிச் சரிபார்க்க வேண்டிய இரண்டு செய்திகளைக் குறிப்பிடுக. எங்கே தேடுவாய், யாரிடம் கேட்பாய்?” ஐந்து மதிப்பெண்களில் மூன்றை இரண்டாவது பகுதிக்கு வையுங்கள்.