பையை யார் அடுக்குவது?

கேள்வி: என் ஒரே மகன் தேசிய சேவையில் (கட்டாய ராணுவப் பணியில்), அதிகாரிப் பயிற்சியில் இருக்கிறான். அடுத்த மாதம் புருணைக் காட்டுக்கு அனுப்புகிறார்கள். சிறுவயதில் அவனுக்கு வீசிங் இருந்தது. பழைய மருத்துவரிடம் கடிதம் வாங்கி நிறுத்திவிடலாமா? ஞாயிறு இரவு முகாமுக்குக் கிளம்பும்போதுகூட நானும் பணிப்பெண்ணும்தான் பையை அடுக்கி, பூட்ஸைத் துடைத்துக் கொடுக்கிறோம். அவ்வளவு செல்லமாக வளர்ந்த பிள்ளை. எனக்குத் தூக்கமே இல்லை.
– ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: இப்போதும் மூச்சிரைப்பு இருந்தால், அவனே முகாம் மருத்துவரிடம் சொல்லட்டும். மறைத்தால் உயிருக்கு ஆபத்து. இல்லையென்றால் அந்தக் கடிதம் பொய்க் கடிதம். வாங்காதீர்கள்.

என்னை உறுத்துவது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தப் பைதான்.

நம் சிங்கப்பூரின் மண்டாய்க் காட்டில் நின்றால் விரைவுச்சாலைச் சத்தம் கேட்கும். அவன் போகும் புருணையின் டெம்புரோங் காடு அப்படியில்லை. இங்கே அத்தகைய காடு இல்லாததால்தான் 1970களிலிருந்து நம் ராணுவம் அங்கே போய்ப் பயில்கிறது. செங்குத்தான முகடுகள், ஆறு, சேறு, விடாத மழை. பொழுது சாய்ந்தால் மரங்களுக்கடியில் நீட்டிய கை தெரியாது. பகலில் நனைந்த உடையைக் கழற்றி, பிளாஸ்டிக்கில் சுற்றிவைத்த காய்ந்த உடையைப் போட்டுத் தூங்க வேண்டும். விடிந்ததும் மறுபடி அதே ஈர உடை. டார்ச் எந்தப் பக்கம், காய்ந்த உடை எந்த மூலை, தீப்பெட்டி எங்கே என்று இருட்டில் கை தானாகப் போக வேண்டும். அது அடுக்கிய கைக்குத்தான் தெரியும். உங்கள் வீட்டில் அடுக்கிய கை உங்களுடையது. நீங்களா காட்டுக்குப் போகிறீர்கள்?

அதுவும் இவன் அதிகாரியாகப் போகிறவன். நாளை முப்பது பேர் இவன் சொல் கேட்டு நடப்பார்கள். அவர்களையும் ஒவ்வொரு தாய் பெற்றுத்தான் அனுப்பியிருக்கிறாள். தன் காலுறையைத் தானே எடுத்துவைக்காதவன் கையில் உங்கள் பிள்ளையை ஒப்படைப்பீர்களா?

2011இல், சீருடையில் ஒரு இளைஞன் முன்னே நடக்க, பணிப்பெண் அவன் பையைச் சுமந்து பின்னால் போகும் படம் ஊரையே கொதிக்க வைத்தது. எல்லோரும் பையனைத்தான் திட்டினார்கள். நான் வீட்டுப் பெரியவர்களைக் கேட்பேன். வேலை சொல்லாமல் பிள்ளையை வளர்ப்பதைப் பாசம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

வரும் ஞாயிறு பணிப்பெண்ணுக்கு ஓய்வு கொடுங்கள். அது அவளுக்குச் சேர வேண்டியது. நீங்களும் அவன் அறைப் பக்கம் போகாதீர்கள். எதையாவது மறந்துவிட்டுப் போனால் போகட்டும், முகாமில் திட்டு வாங்கட்டும். புருணைக்குப் போகுமுன் நாலைந்து முறை வாங்கினால் இன்னும் நல்லது.